டச்சுக் கூட்டுச்சொற்களை எங்கே பிரிப்பது, எங்கே அழுத்துவது?

கேள்வி: டச்சில் நீளமான கூட்டுப் பெயர்ச்சொற்களை எங்கே பிரித்து, எந்த அசையை அழுத்திச் சொல்ல வேண்டும்?

முதலில் உள்ளே இருக்கும் சொற்களைக் கண்டுபிடியுங்கள். அசைப் பிரிப்பு அந்த எல்லையில்தான் விழும். பல் மருத்துவருக்கு டச்சில் 'தண்ட்' (பல்) + 'அர்ட்ஸ்' (மருத்துவர்). நூல் + அகம் நூலகம் ஆவதுபோல நம் நாக்கு இதையும் 'தன்-டர்ட்ஸ்' என்று இணைக்கப் பார்க்கும். அது தவறு. எழுத்தில் மென்மையான 'ட' (d) இருந்தாலும், டச்சில் சொல்லின் கடைசியில் வரும் இதுபோன்ற மெய் வல்லோசையாகிவிடும். அதனால் ஆங்கில 'டீ'யின் (tea) தொடக்க ஒலியைப்போல அதை வலிந்து முடித்துவிட்டு, அப்புறம் 'அர்ட்ஸ்' சொல்லுங்கள். பன்மையான 'தண்டன்' என்பதில் மென்மையான 'ட' (d) திரும்ப வந்துவிடும்.

அழுத்தம் பெரும்பாலும் முதல் சொல்லில், அதுவும் அந்தச் சொல் தனியே நிற்கும்போது அழுத்தம் பெறும் அசையில்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 'மசாஜ்' கட்டில். 'மசாஜ்' + 'பெட்' (கட்டில்) என்று எழுதினாலும், 'மசா' (மக்கள் திரள்) + 'ஹபெட்' (பிரார்த்தனை) என்று எழுதினாலும் டச்சு எழுத்துக்கூட்டல் ஒன்றேதான் (massagebed)! கட்டிலுக்கு அழுத்தம் இரண்டாம் அசையில், கூட்டுப் பிரார்த்தனைக்கு முதல் அசையில்.

விதிவிலக்குகளும் உண்டு. நகர மன்றக் கட்டடமான 'ஸ்டட்ஹவுஸ்' சொல்லில் அழுத்தம் 'ஹவுஸ்' மீதுதான். இப்படிப்பட்டவற்றைக் கேட்டுத்தான் பழக வேண்டும்.