எலி பிடிக்கிற படிப்பான்னு கேக்குற மாமாவுக்கும் சேர்த்து

போன வாரம் பொண்ண என்ன படிக்க வைக்கலாம்னு கேக்க ஒரு அம்மா அழாத குறையா என்கிட்ட வந்து உக்காந்தாங்க. பொண்ணு ஸ்கூல் முடிக்கப் போறா, மெடிசின் வேணாமாம், மிருகங்க எப்படி கத்துக்குதுன்னு படிக்கணுமாம், மாமா வேற எலி பிடிக்கிற படிப்பான்னு சிரிக்கிறாராம். நாயையே பாத்துட்டு நேரத்த வீணாக்குறா சார்னு ஃபோன நீட்டினாங்க. வீட்டு நாய் தாழ்ப்பாளை மூக்கால தள்ளித் திறக்க கத்துக்கிட்டதை தேதி போட்டு 11 வீடியோவா எடுத்து வெச்சிருக்கா! அதோட நான் ஆறுதல் சொல்றத நிறுத்திட்டேன்.

அம்மா, அவ கேக்குறது பெரிய கேள்வி. கத்துக்கும்போது மூளையில நியூரான்ங்கிற நரம்பு செல்களுக்கு நடுவுல இருக்கிற இணைப்பு பலமாகுது. அந்த இணைப்புல என்எம்டிஏ ரிசெப்டர்னு ஒரு புரதம் இருக்கு, அதோட வாசலை மெக்னீசியம் அடைச்சிட்டு நிக்கும், பக்கத்து நியூரான் அனுப்புற குளூட்டமேட்ங்கிற வேதிப்பொருள் வந்து ஒட்டினா மட்டும் பத்தாது, அதே நேரத்துல அத வாங்குற நியூரானும் தூண்டப்பட்டிருக்கணும், அப்பதான் மெக்னீசியம் விலகி கால்சியம் உள்ள போயி அந்த இணைப்பு பலமாகும். 1986ல மூளை ஆராய்ச்சியாளர் ரிச்சர்ட் மோரிஸ் குழு இந்த ரிசெப்டரை ஏபி5ங்கிற மருந்தால தடுத்துட்டு எலிங்கள கலங்கல் தண்ணித் தொட்டியில விட்டாங்க, தண்ணிக்கடியில ஒரு மேடை ஒளிஞ்சிருக்கும். மருந்து போகாத எலி கொஞ்ச நாள்ல நேரா அங்க நீந்திடும். மருந்து போன எலியும் நீந்துது, கண்ணால பாத்து வித்தியாசம் கண்டுபிடிக்கிற வேற டெஸ்ட்லகூட தேறிடுச்சு, மேடை இருக்கிற இடம்தான் மனசுல நிக்கல. 1999ல ஜோ சியென் குழு அதே ரிசெப்டரோட என்ஆர்2பிங்கிற பகுதிய சுண்டெலி மூளையில கூட்டினாங்க, அதுங்க நல்லாவே கத்துக்கிச்சு.

இதுக்கு உயிரியலோ உளவியலோ டிகிரி, கூடவே புள்ளியியலும் கோடிங்கும் கண்டிப்பா. பிஎச்டி வருஷக்கணக்குல இழுக்கும். நிறைய சோதனைகள்ல கடைசியில அந்த எலிய கொன்னு மூளைய சீவிப் பாக்கணும், அத அவளால தாங்க முடியுமான்னு இப்பவே கேட்டுடுங்க.

பணத்துல மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவளுக்குப் பிடிக்காத மெடிசின் சீட்டுக்கு கடன் வாங்காதீங்க, அதே மாதிரி ஸ்டைபெண்ட் இல்லாத பிஎச்டியும் வேணாம்.

அடுத்த தடவை மாமா வர வேணாம், அவளை கூட்டிட்டு வாங்க. அந்த 11 வீடியோல எத்தனாவதுல நாய்க்குப் புரிஞ்சுதுன்னு நான் அவகிட்ட கேக்கணும்.