அலெக்ஸ் மார்ஷலும் லான் பௌல்ஸ் நுணுக்கங்களும்: கேள்வி பதில்

கேள்வி: லான் பௌல்ஸ் என்றாலே அலெக்ஸ் மார்ஷல் பெயரைச் சொல்கிறீர்களே, ஏன்?

பதில்: பந்துகளை உருட்டி, ஜாக் என்ற சிறு இலக்குப் பந்துக்கு மிக அருகில் நிறுத்தும் ஆட்டம் இது. இதில் உள்ளரங்க உலக ஒற்றையர் பட்டத்தை ஆறு முறை வென்றவர் அவர் ஒருவர்தான்: 1999, 2003, 2004, 2007, 2008, 2015. அதோடு ஸ்காட்லாந்துக்காக ஐந்து காமன்வெல்த் தங்கம். 2002 மான்செஸ்டரிலும் 2006 மெல்போர்னிலும் இரட்டையர், 2014 கிளாஸ்கோவில் இரட்டையரும் நால்வரும், 2018 கோல்ட் கோஸ்டில் நால்வர். உள்ளரங்கப் போட்டி கம்பளத்தில், காமன்வெல்த் போட்டிகள் புல்லில் நடப்பவை. கம்பளத்திலும் புல்லிலும் இப்படி ஆண்டவர்கள் மிகக் குறைவு. இங்கிலாந்து ஆட்டக்காரர் டேவிட் பிரையன்ட்டை அந்த வரிசையில் தயங்காமல் வைப்பேன்.

கேள்வி: இரண்டுமே சமதரைதானே, அப்படியென்ன வித்தியாசம்?

பதில்: எல்லாம் வேகத்தில் இருக்கிறது. ஆட்டக்காரர் நிற்கும் சிறு விரிப்பிலிருந்து 27 மீட்டர் தள்ளிப் போய் நிற்கப் பந்துக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று அளப்பார்கள். பிரிட்டனின் ஈரப் புல்லில் 10, 11 விநாடி. ஆஸ்திரேலியாவில் 15ஐத் தாண்டும். எண் கூடக்கூடத் தரை வேகமானது. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். வேகமான தரையில் பந்தை மெல்ல விட்டாலே போய்ச் சேர்ந்துவிடும், அதனால் அதிக நேரம் உருளும். உருளும் நேரமெல்லாம் பந்தின் பயஸ் (ஒரு பக்கமாக வளையச் செய்யும் வடிவமைப்பு) அதை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும், வளைவும் அகலமாகும். கிளாஸ்கோவில் பழகிய அதே கோட்டில், விசையை மட்டும் குறைத்து மெல்போர்னில் விட்டால் பந்து ஜாக்கைக் கடந்து மறுபக்கம் போய்விடும். விசையைக் குறைக்காமல் விட்டால் நேரே தரையின் ஓரப் பள்ளம்தான். உள்ளரங்கக் கம்பளமும் வேகமானதே. ஆனால் காற்றும் மழையும் இல்லாததால் பிடித்த கோடு கடைசிவரை மாறாது.

கேள்வி: அப்படியானால் பந்தை மாற்ற வேண்டுமா?

பதில்: ஆமாம். கம்பளத்துக்குக் குறைவான பயஸ், மெதுவான புல்லுக்குக் கூடுதல் பயஸ். பந்தின் விட்டம் 116 முதல் 131 மி.மீ. வரை இருக்கலாம், எடை 1.59 கிலோவைத் தாண்டக்கூடாது. இரு கைகளாலும் பந்தைச் சுற்றிப் பிடித்துப் பாருங்கள். கட்டைவிரல்கள் ஒருபுறமும் நடுவிரல்கள் மறுபுறமும் தொட்டுக்கொண்டால் அது உங்கள் அளவு. ஜாக்கையும் கவனியுங்கள்: வெளியே 225–285 கிராம், உள்ளரங்கில் 382–453. வெளியே ஜாக்கை நகர்த்தும் அதே அடி உள்ளே போதாது.

கேள்வி: என் பந்து சில நேரம் எதிர்ப்பக்கம் வளைகிறது, சில நேரம் ஆடிக்கொண்டே போகிறது.

பதில்: எதிர்ப்பக்கம் போனால் பந்தைத் திருப்பிப் பிடித்திருக்கிறீர்கள். பந்தின் இரு பக்கமும் உள்ள வட்டக் குறிகளில் சிறிய வட்டம் வளைய வேண்டிய பக்கம் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் விடுமுன் பாருங்கள். ஆடினால், விடும்போது மணிக்கட்டு திரும்புகிறது. நடுவிரலை உருளும் கோட்டின்மேல் வைத்து, உள்ளங்கை இலக்கைப் பார்க்கக் கையை நீட்டி முடியுங்கள்.

கேள்வி: உலக உள்ளரங்கப் போட்டியின் செட் முறை புரியவில்லை.

பதில்: ஒன்பது எண்ட் (இருவரும் தங்கள் பந்துகளையெல்லாம் விட்டு முடிக்கும் ஒரு சுற்று) கொண்ட இரண்டு செட். ஆளுக்கொன்று என்றால் மூன்று எண்ட் டைபிரேக், அதில் இரண்டு எண்ட் வென்றவருக்கு ஆட்டம். ஒரு செட்டை 12–2 என்று இழந்தாலும் 5–4 என்று இழந்தாலும் ஒன்றுதான். புள்ளி அடுத்த செட்டுக்குப் போகாது. அதனால் பின்தங்கியவர் கடைசி எண்டுகளில் துணிந்து ஜாக்கை அடிக்கலாம்.