அமெரிக்கப் புரட்சிக் காலக் குடும்ப நாவல்களைப் படித்தால் பிள்ளைகள் வரலாற்றைத் தவறாகப் புரிந்துகொள்வார்களா?

உங்கள் மகளுக்குப் பத்து, பதினொரு வயது இருக்கும் என்று நினைக்கிறேன். பள்ளியில் அமெரிக்கப் புரட்சி ஆரம்பித்திருப்பார்கள். நூலகத்திலிருந்து ஒரு நாவலை எடுத்து வந்திருப்பாள். இதில் எது நிஜம், எது கற்பனை என்று உங்களுக்குக் கவலை வந்திருக்கும். எனக்கும் வந்தது. தாராளமாகக் கொடுங்கள். ஒரே தரப்பின் கதையாகவே படித்தால்தான் சிக்கல்.

நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். என் மகன் ஐந்தாம் வகுப்பில் 'ஜானி ட்ரெமெய்ன்' படித்தான். வெள்ளி வேலை பழகும் ஒரு பையன், 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கொட்டியவர்களோடு சேரும் கதை. ஒரு மாதம் வீட்டில் அதே பேச்சுதான். மொத்தம் 342 பெட்டி என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான்.

அப்புறம் ஒரு விடுமுறை நாளில் பெர்த் அம்பாய்க்குக் கூட்டிப் போனோம். அங்கே புரொப்ரைட்டரி ஹவுஸ் என்று ஒரு பழைய மாளிகை இருக்கிறது. நியூ ஜெர்சியின் கடைசி அரச ஆளுநர் வில்லியம் பிராங்க்ளின் குடியிருந்த வீடு. பெஞ்சமின் பிராங்க்ளினின் சொந்த மகன், மின்னலைச் சோதிக்க அப்பா பட்டம் விட்டபோது பக்கத்தில் நின்றவர். 1776 ஜூனில் புரட்சிக்காரர்கள் அவரைக் கைது செய்தார்கள், பிரிட்டிஷ் அரசர் பக்கம் நின்றார் என்பதற்காக. அடுத்த சில வாரங்களில் அப்பா சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார்.

வில்லியமின் மனைவி எலிசபெத் அந்த ஆகஸ்டில் மாமனாருக்குக் கடிதம் எழுதினார். அவர் உங்கள் மகன், என் அன்புக் கணவர், விடுதலைக்கு ஏதாவது செய்யுங்கள் என்று. ஒன்றும் நடக்கவில்லை. 1777 கோடையில் நியூ யார்க்கில் எலிசபெத் இறந்துபோனார். கனெக்டிகட்டில் சிறையில் இருந்த கணவர், அவரைக் கடைசியாகப் பார்க்க அனுமதி கேட்டார். புரட்சியை நடத்திய அமெரிக்கக் காங்கிரஸ் அவை மறுத்துவிட்டது.

என் மகன் கார் ஏறும்வரை பேசவே இல்லை. பிறகு பள்ளியில் வரலாற்றுக் கதை ஒன்று எழுதச் சொன்னபோது எலிசபெத்தாக எழுதினான். அந்தப் பெரிய வீட்டில் தனியாக உட்கார்ந்து, மாமனாரின் பதிலுக்குக் காத்திருக்கும் ஒரு பெண். நான் அழுதேவிட்டேன். ஆசிரியர் அதைத் திருப்பிக் கொடுத்து, சுதந்திரத்துக்குப் போராடிய குடும்பத்தை வைத்து வேறு எழுதி வரச் சொன்னார். அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பிரிட்டிஷாருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாராவது கிளம்பி வருவீர்கள். நம் ஊரை ஆண்டவர்கள்மேல் எனக்கு என்ன பாசம்? ஆசிரியரையும் திட்டவில்லை, வகுப்பில் அத்தனை பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பவர். ஆனால் இதே நியூ ஜெர்சியின் மான்மத் பகுதியில் டைட்டஸ் என்ற அடிமை இளைஞர் 1775இல் எசமானரை விட்டு ஓடினார். பிரிட்டிஷ் பக்கம் சேர்ந்து 'கர்னல் டை' என்று பெயர் எடுத்தார். அவருக்கு விடுதலை அந்தப் பக்கம்தான் இருந்தது. இதையெல்லாம் சொல்லாமல் எந்தப் பக்கம் நியாயம் என்று பிள்ளையிடம் எப்படிக் கேட்பது?

அதனால்தான் 'மை பிரதர் சாம் இஸ் டெட்' நாவலையும் கொடுங்கள் என்கிறேன். அப்பா அரசர் பக்கம், அண்ணன் புரட்சிப் படையில், நடுவில் தம்பி. முடிவைச் சொல்ல மாட்டேன், மனது கனத்துப் போகும். பல பள்ளிகளில் அதற்கு எதிர்ப்பு வந்திருக்கிறது. அது தெரிந்தேதான் சொல்கிறேன், நீங்களும் கூடவே படியுங்கள்.

பெர்த் அம்பாயிலிருந்து திரும்பும்போது என் மகன் ஒன்று கேட்டான். "தாத்தாவும் மாமாவும் மாதிரியாம்மா?" என்றான். என் அப்பாவும் அண்ணனும் பேசி ஏழு வருஷம் ஆகிறது. கும்பகோணத்து வீட்டை விற்பதா வேண்டாமா என்பதில் தொடங்கியது. இரண்டு பேரும் எனக்கு ஃபோன் செய்வார்கள், அடுத்தவரைப் பற்றிக் குறை சொல்ல. பத்திரத்தில் என் கையெழுத்து தேவைப்பட்டபோது மட்டும் இருவருக்கும் நான் செல்லப் பெண். அம்மா இருந்திருந்தால் இது ஒரு மாதத்தில் முடிந்திருக்கும்.

பிராங்க்ளின்கள் போர் முடிந்தபின், 1785இல், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் சந்தித்தார்கள். பெரும்பாலும் கடன், நிலக் கணக்குதான் பேச்சு. அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளவே இல்லை. உயிலில்கூட அப்பா, போரில் தனக்கு எதிராக நின்றதைச் சொல்லி மகனுக்குப் பெரிதாக எதுவும் விடவில்லை. இதை மகனிடம் சொன்னேன். அவன் எலிசபெத் கதையை மாற்றாமல், கடைசியில் ஒரு பக்கம் மட்டும் சேர்த்து, அதே ஆசிரியரிடம் மறுபடி கொடுத்தான். அந்தப் பக்கத்தில் மாமனாரின் பதில் வந்திருந்தது.