பத்துக் கேள்வி டெஸ்ட்டில் நியூரோட்டிசிசம் அதிகம் என்று வந்தால் நம்பலாமா?

ஒரு நிமிடத்தில் முடிந்த டெஸ்ட், 'நியூரோட்டிசிசம் அதிகம்', அதாவது எளிதில் கவலை, கோபம், சோர்வு அடையும் குணம் அதிகம் என்று சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு எண்ணை வைத்து உங்களைப் பற்றி எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள்.

2003-இல் காஸ்லிங், ரெண்ட்ஃப்ரோ, ஸ்வான் என்ற உளவியலாளர்கள் மூவரும் வெளியிட்ட 'டிப்பி' என்ற பத்துக் கேள்விப் படிவத்தையே எடுத்துக்கொள்வோம். ஐந்து குணங்கள், குணத்துக்கு இரண்டே வரிகள். நியூரோட்டிசிசத்துக்கான இரண்டில் 'பதற்றப்படுபவர், எளிதில் மனம் கலங்குபவர்' என்பது ஒன்று. 'அமைதியானவர், மனம் நிலையானவர்' என்பது இன்னொன்று. ஒவ்வொன்றும் உங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 1 முதல் 7 வரை மதிப்பெண் போட வேண்டும். முதல் வரிக்குப் போட்டதை 8-இலிருந்து கழித்து, இரண்டாவதோடு கூட்டிச் சராசரி எடுத்தால் மன நிலைத்தன்மை வரும். அது குறைந்தால் நியூரோட்டிசிசம் அதிகம்.

முதல் வரிக்கு 5, இரண்டாவதுக்கு 4 போட்டால் 3.5. நன்றாகத் தூங்கி எழுந்த மறுநாள் முதல் வரிக்கு 3 போட்டால் 4.5. நடுப்புள்ளி 4-ஐ ஒரே பதில் தாண்ட வைத்துவிட்டது!

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. கோஸ்டாவும் மெக்ரேவும் 1992-இல் வெளியிட்ட 240 கேள்விப் படிவத்தில் இந்தக் குணத்துக்கு மட்டும் 48 கேள்விகள். பதற்றம், கோபம், மனச்சோர்வு, கூச்சம், உந்துதலை அடக்க முடியாமை, நெருக்கடியில் உடைந்துபோவது என ஆறு முகங்கள் அதில் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் எதற்கும் பதற மாட்டார். சாம்பாரில் உப்புக் கூடினால் தட்டு பறக்கும். இரண்டு வரிப் படிவத்தில் அவர் பரம சாந்தமானவராகத்தான் வருவார்.

அதற்காகக் குட்டிப் படிவங்கள் வீண் என்று சொல்ல மாட்டேன். பிரிட்டனில் சுமார் 5 லட்சம் பேர் சேர்ந்த 'யூகே பயோபேங்க்' ஆய்வில் இந்தக் குணத்தை அளக்க, உளவியலாளர் ஐசெங்கின் படிவத்திலிருந்து 'ஆம்' அல்லது 'இல்லை' என்று பதில் சொல்லும் 12 கேள்விகளைத்தான் பயன்படுத்தினார்கள். அத்தனை பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது தனி ஆளின் பிசகுகள் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். உங்கள் ஒருவரின் ஸ்கோரில் அவை அப்படியே நிற்கும்.

சரியாகத் தெரிய வேண்டுமானால் இலவசமாகக் கிடைக்கும் 120 கேள்வி 'ஐபிப்-நியோ' எடுங்கள்; அதில் ஆறு முகங்களுக்கும் தனித்தனி ஸ்கோர் வரும். பரீட்சை, வேலை இழப்பு, வீட்டில் துக்கம் என்றிருக்கும் நாட்களில் வேண்டாம். உங்களை நன்றாக அறிந்த ஒருவரையும் உங்களைப் பற்றிப் பதில் சொல்லச் சொல்லுங்கள்.

ஸ்கோர் அதிகம் என்பது நோய் அல்ல. ஆனால் கவலையால் தூக்கமோ வேலையோ வாரக்கணக்கில் கெடுகிறது என்றால், எந்த டெஸ்ட் என்ன சொன்னாலும் மனநல மருத்துவரைப் போய்ப் பாருங்கள்.