அப்பாவுக்கு எந்த ஃபெல்ட் தொப்பி: முயலா, காட்டுமுயலா, பீவரா?

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அப்பாவுக்கு இந்த ஜூலையில் எழுபது வயது நிறைகிறது. வருஷம் தவறாமல் கோட்டும் தொப்பியுமாக கிரேவில் மைதானத்துக்கு டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம் பார்க்கப் போவார். இந்தத் தடவை ஒரு நல்ல ஃபெல்ட் தொப்பி வாங்கித் தர ஆசை. ஆன்லைனில் ஒருவர் முயல், காட்டுமுயல், பீவர் ரோமம் என்று மூன்று விலை சொல்கிறார். '20 எக்ஸ் பீவர் வாங்குங்கள், ஆயுசுக்கும் உழைக்கும்' என்கிறார். முயலைப் போல நாலு மடங்கு விலை. எதை வாங்குவது?"

காட்டுமுயல் வாங்குங்கள் அம்மா. கிடைக்காவிட்டால் நல்ல முயல் போதும். உங்கள் அப்பாவுக்கு பீவர் தேவையில்லை.

காரணம் எளிது. ஃபெல்ட் நெய்த துணி அல்ல. விலங்கின் முரட்டு மேல்முடியை நீக்கிவிட்டு, தோலை ஒட்டியிருக்கும் மெல்லிய உள்ரோமத்தை மட்டும் எடுக்கிறார்கள். அதை வெந்நீரிலும் ஆவியிலும் வைத்து அழுத்தி அழுத்திச் சுருக்கும்போது ரோமம் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. பீவர் பெரும்பாலும் தண்ணீரில் வாழ்கிற பிராணி. அதன் உள்ரோமம் மிக அடர்த்தி, நீரை விலக்கும், அடிபட்டாலும் வடிவம் மாறாது. காட்டுமுயலின் ரோமம் வளர்ப்பு முயலுடையதைவிட மெல்லியது. அதனால் தொப்பியை மெலிதாகச் செய்தாலும் இறுக்கமாக நிற்கும், கைக்குப் பட்டுப்போல் இருக்கும். கோட்டோடு போடுகிற தொப்பிக்கு வேண்டியது இதுதான். ஜூலை மாதம் டர்பனில் மழை குறைவு, பகலில் 22, 23 டிகிரி இருக்கும். இந்த வெயிலில் கனமான தொப்பியை நாள் முழுக்க எழுபது வயது மனிதர் சுமக்க வேண்டுமா? கம்பளி ஃபெல்ட் மலிவு என்று யாராவது காட்டினால் திரும்பியும் பார்க்காதீர்கள். நனைந்தால் சுருங்கும், விளிம்பு தொங்கிவிடும்.

அடுத்து அந்த '20 எக்ஸ்'. என்னை மிகவும் கோபப்படுத்துகிற விஷயம் இது. எக்ஸ் என்பது ஃபெல்ட்டின் தரத்தைக் காட்டுவதாகச் சொல்லிக் கம்பெனிகள் போடும் குறி. அது கிராமும் இல்லை, சதவீதமும் இல்லை. எந்தப் பொதுத் தரமும் அதற்கு இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குப் போடுகிறது. ஒருவருடைய 4 எக்ஸ் இன்னொருவருடைய 20 எக்ஸைவிட மேலாக இருக்கலாம். ஒரே கம்பெனியின் இரண்டு தொப்பிகளை ஒப்பிட மட்டுமே அது உதவும். 'பீவர் கலந்தது' என்ற சொல்லும் அப்படித்தான். எவ்வளவு கலந்தது? ஒரு கைப்பிடி பீவரும் கலப்புதான். 'பீவர் ஃபினிஷ்' என்று எழுதியிருந்தால் அதில் பீவரே இல்லாமலும் இருக்கலாம். மேற்பரப்பைத் தேய்த்த விதத்தைத்தான் அது சொல்கிறது.

விற்பவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்த ரோமம் எத்தனை சதவீதம், ஃபெல்ட் எந்த ஆலையில் செய்தது? தொப்பிக்காரர்களில் பெரும்பாலோர் ஃபெல்ட்டைத் தாங்களே செய்வதில்லை. போர்த்துகலில் சாவ் ஜுவாவ் த மதெய்ரா, செக் நாட்டில் நோவி யிச்சின் போன்ற ஊர்களில் இருக்கும் சில ஆலைகளிலிருந்து கூம்பாக வாங்கி, அச்சில் ஏற்றி வடிவம் கொடுக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் எங்கிருந்து வந்தது என்று நேர்மையான தொப்பிக்காரர் தயங்காமல் சொல்வார். "இறக்குமதிச் சரக்கு, பெரிய பிராண்ட்" என்று மழுப்புகிறவர் வெறும் இடைத்தரகர்.

தொப்பி கைக்கு வந்ததும் விளிம்பை மெதுவாக மடக்கி விட்டுப் பாருங்கள். நல்ல ஃபெல்ட் மெலிதாக இருந்தாலும் தானாக நிமிரும். அட்டை மாதிரி விறைப்பாக இருந்தால் மட்டமான ஃபெல்ட்டில் அரக்குக் கரைசலை ஏற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். வெளிர் நிறத் தொப்பியைக் கறுப்புத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மாவு படிந்தால் சொரசொரப்பை மறைக்கப் பொடி போட்டிருக்கிறார்கள். மேலே தண்ணீர்த் துளி விட்டு "பாருங்கள், ஒட்டவே இல்லை" என்று வீடியோ காட்டுவார்கள். நம்பாதீர்கள். ஸ்ப்ரே அடித்தால் எந்த ஃபெல்ட்டிலும் தண்ணீர் உருளும்.

இன்னொரு பொறி: "அப்பாவின் பெயரெழுத்தைத் தொப்பிக்குள் இருக்கும் தோல் பட்டையில் தங்க நிறத்தில் இலவசமாக அச்சிட்டுத் தருகிறோம்" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2002ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்க மின்வணிகச் சட்டப்படி, ஆன்லைனில் வாங்கிய பொருளைக் காரணமே சொல்லாமல் 7 நாளுக்குள் திருப்பித் தரலாம். அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. ஆனால் வாங்குபவருக்கென்று தனியாகச் செய்த பொருளுக்கு அந்த உரிமை கிடையாது. பெயரெழுத்து விழுந்ததும் அது அவருக்கென்று செய்ததாகிவிடும். தரம் கெட்டிருந்தால் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் 6 மாதம் வரை பாதுகாப்புத் தருகிறது. ஆனால் புகார் என்று போனால் இந்த மேசை இல்லை அந்த மேசை என்று அலைய விடுவார்கள். தொப்பியில் பிழை என்று நிரூபிப்பதற்குள் அடுத்த ஜூலை வந்துவிடும். அதனால் பில் இல்லாமல், பெட்டியில் போட்டு வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தேன் என்பவரிடம் ஒரு ராண்ட்கூடக் கொடுக்காதீர்கள்.

நேரடியாக வெளிநாட்டுக் கடையில் வாங்குவதானால், தொப்பி விலையோடு கணக்கு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். சுங்க மதிப்போடு அதில் 10 சதவீதத்தையும் சுங்கவரியையும் கூட்டி, அந்தத் தொகைக்கு 15 சதவீதம் வாட் போடுவார்கள். கூரியர்காரரின் கையாளும் கட்டணம் தனி. ஒரு சாதாரண மனிதருக்குப் புரிகிற மாதிரி இதை எழுதி வைக்க ஏன் யாருக்கும் மனமில்லை என்று தெரியவில்லை.

பீவர் யாருக்குத்தான் சரி? டோங்காட் பக்கம் கரும்புத் தோட்டம் வைத்திருப்பவர் என்று வையுங்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை மழையிலும் வெயிலிலும் வயலில் நிற்கிறார், தொப்பியை லாரி சீட்டில் எறிகிறார், மறுநாள் அதையே தட்டிப் போட்டுக்கொள்கிறார். அவருக்கு நூற்றுக்கு நூறு பீவர் வாங்கித் தரலாம். கொடுத்த காசு வீண் போகாது. தினமும் நனைந்து காய்கிற தொப்பியில்தான் பீவரின் வித்தியாசம் தெரியும். அவருக்கும் பாதிக் கலப்பு வேண்டாம். முழு பீவருக்குக் காசில்லையென்றால் தடித்த முயல் ஃபெல்ட்டே மேல். வருஷத்தில் நாலைந்து விசேஷத்துக்குப் போடுகிறவருக்கு அந்த வித்தியாசம் ஒருநாளும் தெரியப்போவதில்லை.

சரி, அளவு. நெற்றியின் நடுவில், காதுக்குச் சற்று மேலே டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். 57 செ.மீ.க்கும் 58க்கும் நடுவில் வந்தால் 58 எடுங்கள். தோல் பட்டைக்குப் பின்னால் மெல்லிய பட்டை வைத்து இறுக்கிக்கொள்ளலாம், சின்னதைப் பெரிதாக்குவது கஷ்டம். பந்தயம் முடிந்ததும் தொப்பியை காருக்குள் விட்டுப் போக வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். சூட்டில் அந்தத் தோல் பட்டை சுருங்கினால் தொப்பியும் சேர்ந்து சுருங்கும்.