பாட்டு கேட்டால் பிரசவ வலி தெரியாதா?

கேள்வி: எனக்கு 33 வாரம், முதல் பிரசவம். வலியை நினைத்தாலே தூக்கம் போய்விடுகிறது. இசை கேட்டுக்கொண்டிருந்தால் வலியே தெரியாது என்கிறாள் தோழி. அப்படியென்றால் முதுகில் போடும் ஊசி வேண்டாம் என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிடலாமா?

பதில்: வலி தெரியாமல் போகாது அம்மா. தாங்கும் தெம்பு கூடும், அதுவே பெரிய உதவிதான். பயந்தால் அட்ரினலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கும், உடம்பு இறுகும், இருக்கிற வலி இன்னும் கடுமையாகத் தெரியும். கர்ப்பப்பையின் சுருக்கம்கூட மந்தமாகலாம். இசை முதலில் தணிப்பது இந்தப் பயத்தைத்தான். வலி குறைய வழி கேட்கும் ஆரோக்கியமான கர்ப்பிணிகளுக்கு, மூச்சுப் பயிற்சியோடு இசையையும் உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்திருக்கிறது.

இசை நன்றாகக் கைகொடுப்பது தொடக்கத்தில், கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறக்கும் வரையிலான நீண்ட காத்திருப்பில். அப்புறம் வலி நெருங்கி நெருங்கி வரும்போது இசையின் பிடி தளரும். கடைசிக் கட்டத்தில், அதுவரை ரசித்த பாட்டையே "நிறுத்துங்க" என்று கத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்; அதுவும் இயல்புதான்.

எந்த ராகம் என்று தேடி அலைய வேண்டாம். உங்களுக்குப் பிடித்த, கேட்டுப் பழகிய மெதுவான இசை போதும். பழக்கம்தான் முக்கியம். இன்றிலிருந்தே தினமும் 20 நிமிடம் அதைப் போட்டுவிட்டு, மூச்சை நிதானமாக இழுத்து, அதைவிட நீளமாக விடுங்கள். அன்றைக்கு அந்த இசை காதில் விழுந்ததும் மூச்சு தானாக நிதானத்துக்கு வரும். பிரசவ அறையில் இரண்டு காதையும் இயர்போனால் அடைக்காதீர்கள், செவிலியர் சொல்வது கேட்க வேண்டும். சின்ன ஸ்பீக்கருக்கு அனுமதி உண்டா என்று மருத்துவமனையில் முன்பே கேட்டு வையுங்கள்.

ஊசி விஷயத்தில் இப்போதே கதவைச் சாத்தாதீர்கள். எபிடியூரல் என்ற அந்த முதுகு ஊசி போட்ட பிறகும் பாட்டு கேட்கலாம், ஒன்றுக்கொன்று தடையில்லை. ஆனால் ஒன்று: ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல், இடைவெளியே விடாத வலி, இவற்றில் எது தெரிந்தாலும் பாட்டை அணைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.