வாசகர் கேள்வி: குளிரில் உறையும் எஞ்சினுக்கு எந்த ஹீட்டர்?

கேள்வி: கனடாவின் வின்னிபெக் நகருக்கு அண்மையில் குடிபெயர்ந்தேன். காருக்கு எத்தகைய எஞ்சின் ஹீட்டர் வாங்கலாம்? இரவு முழுவதும் மின்சாரம் கொடுக்க வேண்டுமா?

பதில்: முதலில் காரின் முன்புறக் கிரில்லைப் பாருங்கள், அங்கே ஒரு பிளக் தொங்கினால், ஹீட்டர் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கிறது, செலவு மிச்சம். மைனஸ் 30 டிகிரி வரை இறங்கும் வின்னிபெக் குளிரில் ஆயில் கெட்டிப்பட்டு, பேட்டரியின் திறனும் குறைந்துவிடுவதால், ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைச் சுழற்ற முடியாமல் திணறுகிறது. எஞ்சினின் முக்கிய உலோக உடலான பிளாக்கினுள் அமர்ந்து, எஞ்சினுக்குள் ஓடும் குளிர்விப்புத் திரவமான கூலன்ட்டைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டரே, அதிலும் உங்கள் எஞ்சினுக்கென்றே தயாரானதே, என் தேர்வு. ஆனால் கூலன்ட்டை வடித்துப் பொருத்த வேண்டியிருப்பதால் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டான ஆயில் பானில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வகை மலிவானதுதான் என்றாலும், அது ஆயிலை மட்டுமே சூடாக்கும். அலுமினியப் பானாக இருந்தால் ஒட்டவே ஒட்டாது.

இரவு முழுவதும் தேவையில்லை. 400 வாட் ஹீட்டர் பத்து மணி நேரம் இயங்கினால் நான்கு யூனிட் செலவாகும். டைமர் வைத்து, புறப்படுவதற்கு இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு முன் இயக்கினால் போதும். வெளிப்புறப் பயன்பாட்டுக்கான, எர்த் இணைப்புள்ள தடித்த எக்ஸ்டென்ஷன் வயரையே பயன்படுத்துங்கள். புறப்படும் அவசரத்தில் பிளக்கைப் பிடுங்க மறந்துவிடாதீர்கள்.